அந்தரத்தில் நின்றால் என்ன செய்வது?

ஃப்ளோரிடாவில் டிஸ்னி வேர்ல்டின் ஹோட்டல்களையும் பூங்காக்களையும் இணைத்து ஓடும் 'ஸ்கைலைனர்' கோண்டோலா (வடத்தில் தொங்கியபடி ஆட்களை ஏற்றிச் செல்லும் கேபின்கள்) பற்றி நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. கோண்டோலா நிலையத்தில் மேடை ஊழியராகச் சேர்ந்து, கட்டுப்பாட்டு அறை ஆபரேட்டராகி, இப்போது புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பயிற்சி தரும் நம் வாசகி ஒருவர் பதில் சொல்கிறார். அவர் வேலை பார்ப்பது வேறோர் இடத்தில். ஸ்கைலைனரில் அவர் பயணி மட்டுமே.

கேள்வி: மகள் ஆர்லாண்டோவில் இருக்கிறாள். அடுத்த மாதம் பேரப்பிள்ளைகளோடு டிஸ்னி போகிறோம். பாப் சென்ச்சுரி ஹோட்டலில் அறை போட்டிருக்கிறார்கள். அங்கிருந்து போவதற்குக் கோண்டோலாதானாம். அது நிற்காமலே வருமாம், நகரும்போதே ஏறணுமாம். எனக்கு முழங்கால் வலி. என்னால் ஏற முடியுமா?

தாராளமாக ஏறலாம் அம்மா. வெளியே வடத்தில் தொங்கி வரும்போது கேபின் மணிக்கு சுமார் 18 கி.மீ. வேகத்தில் வரும். நிலையத்துக்குள் நுழைந்ததும் அது வடத்தை விட்டுவிடுகிறது. மேலே வரிசையாக இருக்கும் ரப்பர் டயர்கள் அதை வாங்கிக்கொண்டு, வேகத்தைக் குறைத்து, நாம் நடப்பதைவிட மெதுவாக மேடையோரம் நகர்த்திக்கொண்டு போகும். கதவு தானாகத் திறக்கும். கேபின் தரையும் மேடையும் ஒரே மட்டம், படி கிடையாது.

அப்படியும் நகர்கிற தரையில் கால் வைக்கத் தயக்கமாக இருந்தால், வரிசையில் நிற்கும்போதே ஊழியரிடம் 'முழங்கால் வலி, நின்ற கேபினில் ஏறணும்' என்று சொல்லிவிடுங்கள். பெரும்பாலான ஸ்கைலைனர் நிலையங்களில் இதற்கென்றே தனி வழி இருக்கிறது. சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்காகக் கட்டியது. ஒரு கேபினை மட்டும் பிரித்து அந்தப் பக்கம் திருப்புவார்கள், அங்கே அது முழுசாக நிற்கும். நீங்கள் நிதானமாக ஏறி உட்கார்ந்த பிறகுதான் நகரும். மற்ற கேபின்கள் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். அதனால் 'என்னால் எல்லாருக்கும் தாமதம்' என்று கூச்சப்படவே வேண்டாம். முன்கூட்டியே கேட்கிறவர்களால் மேடையில் எங்களுக்கு ஒரு சிரமமும் வருவதில்லை. கதவு நேரே வந்தபின் 'போகவா, வேண்டாமா' என்று நின்றுவிடுகிறவர்களால்தான் வரும்.

பேரப்பிள்ளைகள் விஷயத்தில் ஒன்று மட்டும். குழந்தையை முதலில் ஏற்றாதீர்கள். பெரியவர் ஒருவர் ஏறட்டும், அப்புறம் குழந்தை, கடைசியில் இன்னொரு பெரியவர். இறங்கும்போதும் இப்படியே. குழந்தை தனியாக உள்ளே, பெரியவர்கள் எல்லாரும் வெளியே என்ற நிலை மட்டும் வரக்கூடாது. தள்ளுவண்டி கேபினுக்குள் அடங்கும் அளவென்றால் மடக்க வேண்டாம், அப்படியே தள்ளிக்கொண்டு ஏறலாம்.

கேள்வி: மெக்கானிக்கல் படிக்கிறேன். ஓடுவதும் அதே வடம், கேபினைத் தாங்குவதும் அதே வடம், அதைக் கவ்வியிருப்பது ஒரே ஒரு கிரிப் என்று படித்தேன். அந்தக் கிரிப் வழுக்கிவிட்டால்?

எந்தப் பயிற்சி வகுப்பிலும் முதலில் வரும் கேள்வி இதுதான் தம்பி. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

துணி காயப்போடும் கிளிப்பை நினைத்துக்கொள்ளுங்கள். அழுத்தினால் திறக்கும், விட்டால் கவ்வும். கிரிப்பும் அப்படித்தான். மூடி வைத்திருப்பது ஸ்பிரிங். திறப்பதற்குத்தான் வெளியிலிருந்து பலம் வேண்டும். அந்தப் பலம் நிலையத்துக்குள் மட்டும்தான் கிடைக்கும். கேபின் உள்ளே வரும்போது கிரிப்பின் மேல் இருக்கும் நெம்புகோல் ஒரு வளைந்த தண்டவாளத்தில் ஏறி அழுந்துகிறது, வாய் திறக்கிறது. வெளியே போகும்போது டயர்கள் கேபினை வடத்தின் வேகத்துக்கே கொண்டுவந்துவிடுகின்றன. இரண்டும் ஒரே வேகத்தில் போகும் அந்த இடத்தில் தண்டவாளம் முடிகிறது, ஸ்பிரிங் வாயை மூடுகிறது. வழியில் கரண்ட் போனாலும் மோட்டார் நின்றாலும் கிரிப்புக்குத் தெரியக்கூடத் தெரியாது. அதைத் திறக்கக்கூடிய தண்டவாளம் வெளியே எங்குமே இல்லை.

சரி, ஸ்பிரிங் தளர்ந்துபோனால்? நிலையத்தை விட்டுப் புறப்படும் ஒவ்வொரு முறையும் கிரிப் சரியாக மூடியிருக்கிறதா என்று அளவுகோல்கள் பார்க்கின்றன. எவ்வளவு பலத்தோடு கவ்வுகிறது என்பதையும் நிலையத்திலேயே கருவி அளக்கிறது. குறைந்தபட்ச அளவைவிட ஒரு பிடி குறைந்தாலும் வழித்தடமே நின்றுவிடும். எந்தக் கேபின் என்று எண் திரையில் வரும். அதை ஓரம்கட்டிப் பணிமனைக்கு அனுப்பிவிட்டுத்தான் மறுபடி ஓட்டுவோம்.

பிரேக்கையும் பாருங்கள். அதுவும் ஸ்பிரிங்கால்தான் பிடிக்கிறது. ஓடும்போது அதை விலக்கி வைத்திருப்பது எண்ணெய் அழுத்தம். அழுத்தம் போனால் பிரேக் தானாக விழும். அதைத் தவிர, வடம் சுற்றும் பெரிய சக்கரத்தையே நேராகப் பிடிக்கும் அவசர பிரேக் ஒன்று தனியாக உண்டு. தூண்களில் வடம் ஓடும் உருளைகளுக்குப் பக்கத்திலும் சுவிட்சுகள் இருக்கின்றன. வடம் தன் தடத்தைவிட்டு விலகினால் அந்தச் சுவிட்ச் இணைப்பைத் துண்டிக்கும், எல்லாம் நிற்கும். ஆக எந்தப் பக்கம் பழுது வந்தாலும் முடிவு ஒன்றுதான், நிற்பது. பயணிகள் நின்றதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். எனக்கு அப்படி நிற்கத் தெரிந்த இயந்திரத்தின் மேல்தான் நம்பிக்கை.

கேள்வி: இதற்குத் தனி டிக்கெட் உண்டா?

கிடையாது, இலவசம். பூங்கா டிக்கெட் இல்லாதவர்கள்கூட ஏறிப் போய்வரலாம். பூங்காவின் உள்ளே போகத்தான் டிக்கெட் வேண்டும்.

கேள்வி: எப்காட் பூங்காவிலிருந்து திரும்பும்போது ஏரிக்கு மேலே நின்றுவிட்டது. சில நிமிடங்கள்தான், ஆனால் பையன் அழுதுவிட்டான். பதிவு செய்த குரல் ஒன்று 'சிறிது நேரத்தில் புறப்படும்' என்றது. ஏன் நின்றது என்று யாரும் சொல்லவில்லை. இது அடிக்கடி நடக்குமா? 2019-இல் மணிக்கணக்கில் மாட்டிக்கொண்டார்களே, அதுபோல் ஆகிவிடுமோ என்று பதறிப்போனோம்.

உங்கள் பையனுக்கு ஏன் நின்றது என்று தெரிந்திருந்தால் பாதி அழுகை அடங்கியிருக்கும். அதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் ஏரிக்கு மேலே நின்றதற்குக் காரணம் அநேகமாக உங்கள் கேபினில் இல்லை. எங்கோ ஒரு நிலையத்து மேடையில் இருந்திருக்கும். ஒரு வடத்தில் தொங்கும் எல்லாக் கேபின்களும் ஒன்றாகத்தான் ஓடும், ஒன்றாகத்தான் நிற்கும். யாரோ ஒருவருடைய பையின் வார் கதவில் சிக்கியிருக்கும். ஒரு குழந்தை தொப்பியை எடுக்கக் கோட்டைத் தாண்டி ஓடியிருக்கும். இறங்க வேண்டியவர் கதவு மூடும் நேரத்தில் எழுந்திருப்பார். தனி வழியிலிருந்து சக்கர நாற்காலிக் கேபினை மறுபடி வரிசைக்குள் சேர்க்க ஓர் இடைவெளி தேவைப்பட்டிருக்கும். இப்படிப்பட்ட ஒவ்வொன்றுக்கும் மேடை ஊழியர் முதலில் வேகத்தைக் குறைப்பார், போதாவிட்டால் நிறுத்துவார். சிக்கல் தீர்ந்ததும் கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் போகும், அவர்கள் திரையில் எல்லாம் சரி என்று பார்த்துவிட்டு ஓட்டுவார்கள். இதற்கு ஓரிரு நிமிடம் ஆகும். கூட்டமான நாளில், பழக்கமில்லாதவர்கள் அதிகம் வரும் இடத்தில், அடிக்கடி நடப்பதுதான். தினமும் அதே ஆட்கள் ஏறும் பொலிவியாவின் லா பாஸ் நகரத்திலோ கொலம்பியாவின் மெடலினிலோ கோண்டோலா இவ்வளவு தடவை நிற்கத் தேவையில்லை. அங்கே பயணிகளுக்குக் கால் பழகியிருக்கும். கேளிக்கைப் பூங்காவில் பாதிப் பேர் வாழ்க்கையில் முதல் தடவை ஏறுகிறவர்கள்.

2019 நிகழ்ச்சி வேறு மாதிரி. செப்டம்பர் 29 அன்று ஸ்கைலைனரைத் திறந்தார்கள். ஆறே நாளில், அக்டோபர் 5 இரவு, எப்காட் வழித்தடத்தில் நிலையத்துக்குள் கேபின்கள் ஒன்றோடொன்று முட்டி அடைத்துக்கொண்டன. வழித்தடத்தை ஓட்ட முடியவில்லை. வானத்தில் தொங்கியவர்களில் சிலர் சுமார் மூன்று மணி நேரம் இருந்தார்கள். தீயணைப்பு வீரர்கள் ஏணி வண்டியோடு வந்து சில கேபின்களில் இருந்தவர்களை இறக்கினார்கள். அக்டோபர் 14 அன்றுதான் மறுபடி திறந்தார்கள். கட்டிய டொப்பல்மயர் நிறுவனத்தோடு சேர்ந்து ஆராய்ந்ததாகவும், நடைமுறைகளையும் பயிற்சியையும் மாற்றியதாகவும், கேபினுக்குள் அறிவிப்புகளை மேம்படுத்துவதாகவும் அப்போது டிஸ்னி சொன்னது.

அந்தப் பட்டியலைக் கவனியுங்கள். நடைமுறை, பயிற்சி, அறிவிப்பு. மூன்றுமே மனிதர்கள் செய்யும் வேலை. ஒரு கோண்டோலாவைக் கட்டி முடிப்பது பெரிய காரியம்தான். அதை ஓட்டக் கற்றுக்கொள்வது அதற்கப்புறம் தொடங்கும் இன்னொரு காரியம். திறப்பு விழாத் தேதியை முதலில் குறித்துவிட்டு, ஊழியர்களின் பயிற்சியை மிச்சமிருக்கும் நாட்களுக்குள் திணிப்பது என்ற பழக்கத்தை இந்தத் துறையில் நான் பார்த்திருக்கிறேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கொதிக்கும். வெறும் கேபின்களோடு வாரக்கணக்கில் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆள் எடைக்குச் சமமான சுமையை ஏற்றி, முழு வேகத்தில் அவசர பிரேக் போட்டுப் பார்க்க வேண்டும். ராத்திரியில், மழையில், ஆள் குறைவான ஷிஃப்டில் மீட்புப் பயிற்சி செய்து பார்க்க வேண்டும். இதில் எதையும் சுருக்கக்கூடாது.

பதிவு செய்த குரல் பற்றி நீங்கள் சொன்னது மிகச் சரி. நான் பயிற்சி தருகிறவர்களிடம், இரண்டு நிமிடத்துக்கு மேல் நின்றால் பதிவை நிறுத்திவிட்டு உங்கள் குரலில் பேசுங்கள் என்பேன். 'மேடையில் ஒருவர் ஏற உதவி செய்கிறோம், உங்கள் கேபினில் ஒன்றுமில்லை' என்ற ஒரு வரி போதும். காரணம் தெரியாவிட்டால், 'பார்த்துக்கொண்டிருக்கிறோம், ஐந்து நிமிடத்தில் மறுபடி சொல்கிறேன்' என்று சொல்லிவிட்டு, ஐந்தாவது நிமிடம் கண்டிப்பாகப் பேச வேண்டும். உயரத்தில் இருக்கிறவர்களுக்கு உயரம் அவ்வளவு பெரிசில்லை, கீழே யாராவது இருக்கிறார்களா என்பதுதான் பெரிசு.

இனி ஒருவேளை நீண்ட நேரம் நின்றால்: கதவைத் தள்ளாதீர்கள், கேபினை ஆட்டாதீர்கள். முதன்மை மோட்டார் ஓடாவிட்டால், தனி என்ஜின் ஒன்றால் மெதுவாக வடத்தை நகர்த்தி எல்லாக் கேபின்களையும் நிலையத்துக்குக் கொண்டுவருவதுதான் முதல் வழி. ஏணியும் கயிறும் கடைசி வழி. மெதுவாக ஊர்ந்தபடி நகர்ந்தால், அது மீட்பு நடக்கிறது என்று அர்த்தம்.

கேள்வி: ஃப்ளோரிடா வெயிலில் ஏசி இல்லாமல் ஒரு வண்டியை விட எப்படி மனசு வந்தது?

நகரும் வடத்தில் தொங்கும் கேபினுக்குக் கரண்ட் கொடுக்கக் கம்பி இழுக்க முடியாது. விளக்குக்கும் ஒலிபெருக்கிக்கும் வேண்டிய சிறிய அளவை பேட்டரியில் சேமிக்கலாம். ஏசிக்கு வேண்டிய மின்சாரம் அதைப்போல் பல மடங்கு. பெரிய பேட்டரி வைத்தால் எடை கூடும். ஒவ்வொரு கேபினிலும் கூடும் எடையை வடமும் தூணும் மோட்டாரும் சுமக்க வேண்டும். அதனால் காற்றோட்டத்தை நம்பியிருக்கிறார்கள். மேலும் கீழும் இருக்கும் திறப்புகள் வழியாக ஓடும்போது காற்று நன்றாகவே வருகிறது. ஆகஸ்ட் மதியத்தில் போனேன், ஓடும்வரை சிரமமில்லை. நின்றால்தான் காற்றும் நிற்கும். வெயில் நேரத்தில் ஆபரேட்டருக்கு இது ஞாபகம் இருக்க வேண்டும், குளிர்காலத்தில் ஐந்து நிமிட நிறுத்தமும் கோடையில் ஐந்து நிமிட நிறுத்தமும் ஒன்றல்ல. கையில் ஒரு தண்ணீர் பாட்டில் இருக்கட்டும், கைக்குழந்தை இருந்தால் கட்டாயம்.

கேள்வி: வானம் வெளுத்துக் கிடந்தது. இடி மின்னல் என்று சொல்லிக் கோண்டோலாவை மூடிவிட்டார்கள். பஸ்ஸுக்கு நின்று ஏறிய பிறகுதான் தூறலே போட்டது. இவ்வளவு முன்ஜாக்கிரதை தேவையா?

தேவை ஐயா. காரணம் எளிது: மேடையை மூடிய உடனே கோண்டோலா காலியாகிவிடாது. அந்த நிமிடம் ஏறியவர் அடுத்த நிலையத்தில் இறங்கும்வரை வடம் ஓடியே ஆக வேண்டும். காற்று பலமாக இருந்தால் வேகத்தைக் குறைத்துத்தான் ஓட்ட முடியும், அப்போது காலியாக இன்னும் நேரம் எடுக்கும். இடி தலைக்கு மேல் வந்தபின் மூட நினைத்தால், நடுவழியில் இருப்பவர்கள் இடியின் கீழேயே பயணம் செய்வார்கள். அதனால் புயல் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதில்லை, கடைசிப் பயணி இறங்கும் நேரத்தில் எங்கே இருக்கும் என்று பார்க்கிறோம். நீங்கள் பஸ் ஏறியபின் தூறல் விழுந்தது என்றால், அந்த ஆபரேட்டர் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார்.

ஃப்ளோரிடாவில் கோடை முழுக்க மதியத்துக்கு மேல் இடிமழை வரும். கடல் காற்று இரண்டு பக்கமிருந்தும் உள்ளே வந்து நடுவில் மோதும். அமெரிக்காவிலேயே இடிமழைக்குப் பேர்போன மாநிலம் அது. அங்கே கோண்டோலா ஓட்டுகிறவர் பாதி நேரம் வானிலை பார்க்கிறவர்தான். தூண்களில் காற்றுமானிகள் உண்டு. ஆனால் திரையில் வரும் எண் மட்டும் போதாது. பக்கவாட்டில் அடிக்கும் காற்றும் திடீரென்று சுழற்றும் காற்றும் ஒரே வேகம் காட்டினாலும் கேபினை ஒரே மாதிரி ஆட்டாது. நிலையத்துக்குள் நுழையும் கேபின் எவ்வளவு ஆடி வருகிறது என்பதை மேடையில் நிற்பவர் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும்.

உங்களுக்கு ஒரு யோசனை. கோடையில் மதியத்துக்கு மேல் ஏதாவது உணவகத்தில் முன்பதிவு இருந்தால், கோண்டோலாவை மட்டும் நம்பாமல் பஸ் போகும் நேரத்தையும் கணக்கில் வைத்துப் புறப்படுங்கள்.

கேள்வி: எப்காட் போகும்போது நடுவில் ஒரு கட்டடத்துக்குள் நுழைந்தது. யாரும் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அது எதற்கு?

அது திருப்பு நிலையம். வடம் தூணுக்குத் தூண் நேர்கோட்டில்தான் போக விரும்பும், பக்கவாட்டில் திரும்பாது. வழி திரும்ப வேண்டிய இடத்தில் கேபினை ஒரு வடத்திலிருந்து கழற்றி, தண்டவாளத்தில் வளைத்து, அடுத்த வடத்தில் மாட்டி அனுப்புகிறார்கள். நீங்கள் உட்கார்ந்தபடியே இருக்கலாம். வழியில் வரும் ரிவியெரா ஹோட்டல் நிலையத்திலும் எப்காட் போகிறவர்கள் இறங்க வேண்டியதில்லை. கரீபியன் பீச் ஹோட்டல் நிலையத்தில்தான் மூன்று வழித்தடங்களும் சேர்கின்றன. அங்கே இறங்கி மாற வேண்டும்.

கேள்வி: பத்துப் பேர் ஏறும் டப்பா. ஒரு பஸ்ஸில் அறுபது பேர் போகலாம். இதனால் என்ன லாபம்?

ஒரு கணக்கு போடுவோம். 12 நொடிக்கு ஒரு கேபின் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 300 கேபின். பத்துப் பத்துப் பேராக 3,000 பேர். அதே 3,000 பேருக்கு அறுபது பேர் பஸ் 50 வேண்டும், 72 நொடிக்கு ஒன்று நிறைந்து புறப்பட்டால்தான் சரிவரும். எல்லாக் கேபினும் பத்துப் பேரோடு போகாது, நாலு பேர் குடும்பம் தனியாகப் போக விரும்பும், அதனால் உண்மையான எண்ணிக்கை குறையும். ஆனாலும் கோண்டோலாவில் பெரிய லாபம் எண்ணிக்கையில்கூட இல்லை. அடுத்த வண்டி எப்போது வரும் என்ற கேள்வியே எழாது. வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் நகர்ந்துகொண்டே இருக்கும்.

அதற்கு ஒரு விலை உண்டு. பஸ் ஒன்று பழுதானால் மற்றது ஓடும். வடம் நின்றால் எல்லாம் நிற்கும். பூங்கா மூடும் நேரத்தில் எப்காட்டிலிருந்தும் ஹாலிவுட் ஸ்டுடியோஸ் பூங்காவிலிருந்தும் வருகிறவர்கள் எல்லாரும் கரீபியன் பீச்சில் வந்து குவிவார்கள். அந்த நேரத்தில் நின்றால் மேடையில் நிற்கும் ஊழியர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். அதனால்தான் கோண்டோலா வைத்திருக்கும் எந்த இடமும் பஸ்களை முழுசாக விட்டுவிடக்கூடாது என்பேன்.

கேள்வி: ஒரு புதிய கேளிக்கைப் பூங்காவில் கோண்டோலா மேடை ஊழியராக வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த வாரம் பயிற்சி. நீங்கள் சொல்ல நினைப்பது என்ன அக்கா?

வாழ்த்துகள் தம்பி. நிறைய இருக்கிறது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

பயணிகளின் முகத்தைப் பார்த்துச் சிரியுங்கள், ஆனால் கண் அவர்கள் காலில் இருக்கட்டும். விழப்போகிறவரை முகம் காட்டாது. ஒரு கால் மேடையில், ஒரு கால் கேபினில் வைத்து நிற்கும் அந்தத் தயக்கத்தைக் கால்தான் காட்டும். செல்போனைப் பார்த்துக்கொண்டே வருகிறவர், குடையைக் கிடைமட்டமாகப் பிடித்திருப்பவர், இரண்டு கையிலும் குழந்தை வைத்திருப்பவர், இவர்களை வரிசையில் மூன்று கேபின் முன்னாலேயே கண்டுபிடித்துவிட வேண்டும். 'எத்தனை பேர்?' என்று கேட்கும்போதே அதைப் பார்த்துவிடலாம். அந்தக் கேள்வியின் பாதி உபயோகம் அதுதான்.

காது முக்கியம். டயர்கள் கேபினை வாங்கும் சத்தத்துக்கு ஒரு தாளம் உண்டு. சில வாரத்தில் அது உங்களுக்குப் பழகிவிடும். பழகியபின் ஒரு கேபின் வேறு மாதிரி ஒலித்தால், அலாரம் அடிக்காவிட்டாலும் அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு பராமரிப்பு ஆளிடம் சொல்லுங்கள். ஒன்றுமில்லாமல் போனாலும் பரவாயில்லை.

நிறுத்தும் பொத்தான். இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அதை அமுக்க யாரிடமும் அனுமதி கேட்கக்கூடாது, நேற்றுச் சேர்ந்தவராக இருந்தாலும். மறுபடி ஓட்டுவதற்குத்தான் அனுமதி, சரிபார்ப்பு, பதில் குரல் எல்லாம். வேலைக்குச் சேர்ந்த இடத்தில் ஒரு மேலாளர் 'இன்றைக்கு எத்தனை தடவை நிறுத்தினாய்?' என்று கேட்டுக் குறை சொல்லத் தொடங்கினால், அது கெட்ட சகுனம். அந்தக் கேள்விக்குப் பயந்த கை அடுத்த தடவை அரை நொடி தயங்கும். எங்கள் ஷிஃப்டில் நிறுத்தியவரிடம் நான் கேட்பது 'என்ன பார்த்தாய்?' என்பது மட்டும்தான். அந்தப் பதில்களை ஒரு நோட்டில் எழுதி வைப்போம். ஒரே இடத்தில், ஒரே காரணத்துக்கு நிறுத்தம் திரும்பத் திரும்ப வந்தால், மேடையில் கோடு போட்ட இடம் தப்பு, அல்லது தடுப்பு வைத்த கோணம் தப்பு. அதைத்தான் மாற்றுவோம்.

காலையில் ஓட்டத் தொடங்கும் நேரம் மிக ஆபத்தானது. பயணிகள் இல்லை என்பதால் எல்லாரும் கொஞ்சம் அசட்டையாக இருப்பார்கள். டிஸ்னி வேர்ல்டின் மேஜிக் கிங்டமில் 1971 முதல் 1999 வரை 'ஸ்கைவே' என்ற பழைய கோண்டோலா ஓடியது. 1999 பிப்ரவரியில் ஒரு காலை, ஊழியர் ஒருவர் நிலையத்தின் மேடையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது வழித்தடத்தை இயக்கிவிட்டார்கள். வந்த கேபினைப் பற்றிக்கொண்டு தொங்கியவர், உயரத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். பயிற்சியின் முதல் நாளே இதைச் சொல்லிவிடுவேன். ஓட்டும் முன் ஒவ்வொரு நிலையத்திலிருந்தும் 'மேடை காலி, ஆட்கள் விலகிவிட்டார்கள்' என்று ஒரு மனிதக் குரல் வர வேண்டும். 'காலியாகத்தான் இருக்கும்' என்பது பதில் இல்லை. யார், எங்கே என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். நீங்கள் மேடையில் துடைத்துக்கொண்டோ பழுது பார்த்துக்கொண்டோ இருந்தால், இயக்கத்தைப் பூட்டி, சாவியை உங்கள் பையில் வைத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். அவசரம் என்று யார் சொன்னாலும் அந்தச் சாவியைக் கொடுக்காதீர்கள்.

அப்புறம், செருப்பு வேண்டாம், நல்ல ரப்பர் அடி போட்ட மூடிய காலணி போடுங்கள். நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கும் வேலை. இடம் மாற்றி மாற்றி நிற்கச் சொல்வார்கள், அதைச் சலுகை என்று விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரே கதவை ஒரு மணி நேரம் பார்த்த கண்ணுக்கு எல்லாக் காலும் ஒரே கால் போல் தெரியத் தொடங்கும்.

கேள்வி: ஜனவரி கடைசியில் போகிறோம். கோண்டோலாவுக்காகவே அந்த ஹோட்டலைத் தேர்ந்தெடுத்தோம். அப்போது மூடியிருக்கும் என்று ஒருவர் சொன்னார். உண்மையா?

ஸ்கைலைனரை ஆண்டுக்கு ஒரு தடவை, பெரும்பாலும் ஜனவரியின் பிற்பகுதியில், சில நாட்கள் பராமரிப்புக்காக மூடுகிறார்கள். ராத்திரிகளில் செய்ய முடியாத வேலைகளுக்காகத்தான். கோண்டோலாவில் அப்படிப்பட்ட வேலைகள் என்றால் வடத்தின் உள்ளே இழை ஏதாவது அறுந்திருக்கிறதா என்று காந்தக் கருவியால் பார்ப்பது, நீண்டுபோன வடத்தை வெட்டிச் சேர்ப்பது, தூண் உருளைகளை மாற்றுவது, பிரேக்கைப் பிரித்துப் பார்ப்பது. குளிர்காலத்தில் கூட்டமும் இடிமழையும் குறைவு. அந்த நாட்களில் பஸ் விடுகிறார்கள். மூடும் தேதிகளை டிஸ்னி முன்கூட்டியே தன் தளத்தில் போடும். அறைக்குப் பணம் கட்டும் முன் அதை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். உங்கள் பயணத் தேதி அதில் விழுந்தால், ஒரு வாரம் தள்ளிப்போட முடியுமா என்று கேளுங்கள்.